எல்லாப் புகாருக்கும் ஒரே முகவரி: என்ரிக்கே கிரீலின் வங்கியும் ஆட்சியும்

1910 நவம்பர் 20 அன்று மெக்சிகோ முழுவதும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்று பிரான்சிஸ்கோ மதேரோ அழைப்பு விடுத்திருந்தார். முப்பது ஆண்டுக்கும் மேலாக நாட்டைக் கையில் வைத்திருந்த போர்ஃபிரியோ டியாஸை இறக்குவது நோக்கம். குறித்த நாளில் பெரும்பாலான மாநிலங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வடக்கே சிவாவாவில் மட்டும் கதை வேறு. நாய் இனத்தின் பெயராக நமக்குப் பழகிப்போன அதே சிவாவாதான். அங்கே குச்சியோ பராதோ என்ற சிற்றூரில் தொரிபியோ ஓர்த்தேகா நாள் பார்க்காமல் 14-ஆம் தேதியே கிளம்பிவிட்டார். 19-ஆம் தேதி பாஸ்குவால் ஒரோஸ்கோ. அதே வாரத்தில் பாஞ்சோ வில்லா. ஆறு மாதத்தில் டியாஸ் கப்பலேறினார்.

ஏன் சிவாவா? எல்லை பக்கத்தில் இருந்தது, துப்பாக்கி வாங்குவது எளிது, குதிரையேறவும் சுடவும் தெரிந்த ஆட்கள் ஏராளம் என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பக்கத்து மாநிலமான சொனோராவுக்கும் அதே எல்லை உண்டு, அதே துப்பாக்கி உண்டு. அங்கே முதல் குளிர்காலத்தில் இந்த அளவுக்குக் கிளர்ச்சி இல்லை. சிவாவாவில் மட்டும் இருந்த ஒன்றைத் தேடினால், ஒரு வங்கியாளரின் வாழ்க்கையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் என்ரிக்கே கிரீல். புரட்சி வெடித்த மாதத்தில் மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர். அதற்குச் சில மாதம் முன்புவரை சிவாவாவின் ஆளுநர்.

கிரீல் 1854-இல் சிவாவா நகரில் பிறந்தார். தந்தை ரூபன் கிரீல் கென்டக்கிக்காரர். அமெரிக்க–மெக்சிகோ போர்க் காலத்தில் தெற்கே வந்து தங்கிவிட்டவர், பிறகு லிங்கன் அரசில் சிவாவாவின் அமெரிக்கக் கான்சலாக இருந்தவர். தாய் பாஸ் குயில்தி உள்ளூர்க் குடும்பம். பாஸின் சகோதரி கரோலினாவை மணந்தவர் லூயிஸ் டெராசாஸ். ஆக, பிற்காலத்தில் மெக்சிகோவின் மிகப் பெரிய நிலவுடைமையாளராக ஆனவர் கிரீலுக்குப் பெரியம்மா முறை வீட்டுக்காரர். 1880-இல் அந்த வீட்டு மகள் ஆஞ்செலாவையே கிரீல் மணந்தார். உறவு இரட்டிப்பானது.

டெராசாஸின் நிலம் சுமார் 25 லட்சம் ஹெக்டேர். சதுரக் கணக்கில் 25,000 கிலோமீட்டர். ‘நீங்கள் சிவாவாவைச் சேர்ந்தவரா?’ என்று ஒருவர் கேட்டதற்கு, ‘இல்லை, சிவாவா என்னைச் சேர்ந்தது’ என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை இன்றும் அங்கே உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, மக்கள் அதை நம்பினார்கள் என்பதே போதும். மாமனாரிடம் மாடும் மேய்ச்சல் நிலமும் இருந்தன. அவற்றைக் கடனாகவும் பங்காகவும் தொழிலாகவும் மாற்றத் தெரிந்தவர் மருமகன். இரண்டு மொழியும் தாய்மொழிபோலப் பேசுவார். நியூயார்க்கிலிருந்து வரும் முதலாளிக்குச் சிவாவாவில் முதலில் அறிமுகமாகும் ஆள் அவர்தான்.

1882-இல் தொடங்கிய பாங்கோ மினேரோவை, அதாவது சுரங்க வங்கியை, வைத்துத்தான் கிரீல் வளர்ந்தார். அந்தக் காலத்து மெக்சிகோவில் மத்திய வங்கி கிடையாது. மாநில வங்கிகளே நோட்டு அடித்துப் புழக்கத்தில் விடும். 1897-இல் வந்த கடன் நிறுவனச் சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. செலுத்திய மூலதனத்தைப்போல் மூன்று மடங்குவரை நோட்டு வெளியிடலாம், நோட்டும் கேட்டவுடன் தர வேண்டிய வைப்பும் சேர்ந்து கையிருப்பு ரொக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒரு மாநிலத்தில் முதலில் உரிமம் பெற்ற வங்கிக்கு வரிச்சலுகையும் உண்டு. இரண்டாவதாக வருகிறவனுக்கு அது கிடையாது. இதன் விளைவு என்ன என்று சொல்லவே வேண்டாம். சிவாவாவின் மற்ற வங்கிகள் ஒவ்வொன்றாகப் பாங்கோ மினேரோவுக்குள் போய்ச் சேர்ந்தன. மாவு ஆலை, மதுவடி ஆலை, இரும்பு வார்ப்படம், தொலைபேசி, ரயில் என எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு கிரீல் அல்லது ஒரு டெராசாஸ் பங்கு இருக்கும்.

வங்கி என்றால் ஊர்ப் பணம் ஊருக்குத் திரும்பும் இடம் என்று நினைப்போம். இங்கே பெருங்கடன்களில் கணிசமான பகுதி குடும்பத்தின் சொந்த நிறுவனங்களுக்கே போனது. இது அந்தக் கால மெக்சிகோவில் விதிவிலக்கல்ல. சட்டமும் நீதிமன்றமும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இல்லாத நாட்டில், தெரிந்தவனுக்குத்தான் கடன் கொடுப்பார்கள். கிரீலைத் திருடர் என்று சொல்ல இதை எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் வங்கி ஒழுங்காக நடந்த வங்கி. கவலைப்பட வேண்டிய இடம் வேறு: கடன் மறுக்கப்பட்ட ஒரு சிறு பண்ணைக்காரர் அடுத்துத் தட்டுவதற்கு இன்னொரு கதவு அந்த ஊரில் இல்லை.

அவருடைய திறமைக்கு நல்ல சான்று 1903-ஆம் ஆண்டு. வெள்ளி விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்தது. பேசோ வெள்ளி நாணயம். வெளிநாட்டுக் கடனைத் தங்கத்தில் கட்ட வேண்டிய அரசு திணறியது. ஆங்கிலேய அரசு இந்தியாவில் 1893-இலேயே ரூபாய்க்காக வெள்ளியைத் தடையின்றி அச்சடிப்பதை நிறுத்திவிட்டிருந்தது. உலகத்தில் வெள்ளியை நம்பி மிஞ்சியிருந்த பெரிய நாடுகள் சீனாவும் மெக்சிகோவும்தான். நிதி அமைச்சர் லிமாந்தூர் ஒரு நாணய மாற்றுக் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தலைவர் கிரீல். அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து லண்டன், பாரிஸ், பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சுற்றினார்கள். 1905 மார்ச்சில் சட்டம் வந்தது. ஒரு பேசோவுக்கு 75 சென்டிகிராம் தங்கம், அதாவது சுமார் அரை டாலர் என்று மதிப்பு நிலைத்தது.

இந்தச் சீர்திருத்தத்தை மெக்சிகோ பொருளாதார வரலாற்றில் நல்ல பக்கத்தில்தான் வைப்பார்கள், நியாயமும் அதுதான். ஆனால் ஒரு பக்கவிளைவு இருந்தது. சரியும் பேசோ ஏற்றுமதிக்காரனுக்கு ஒரு மறைமுக மானியம். கூலியைச் சரியும் வெள்ளியில் கொடுத்து, சரக்கைத் தங்கத்தில் விற்கலாம். அந்த மெத்தை 1905-இல் போய்விட்டது. சிவாவா போன்ற சுரங்க மாநிலம் இனி நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கத்தை நேராக வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டே ஆண்டில் அது நடந்தது.

இப்போது அரசியல் பக்கம். டியாஸின் ஆட்சி நுட்பம் ஒன்று இருந்தது. எந்த மாநிலத்திலும் பணம் வைத்திருப்பவனுக்கு ஆட்சியைக் கொடுக்காதே. நிலக்கிழார் ஒருவர், ஆளுநர் இன்னொருவர், படைத் தளபதி மூன்றாமவர். மூவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பார்கள், மூவரும் மெக்சிகோ நகருக்குக் கடிதம் எழுதுவார்கள். சிவாவாவிலும் 1892 முதல் 1903 வரை வெளியாளான மிகேல் அவுமாதா ஆளுநராக இருந்தார். டெராசாஸ் பண்ணையாளோடு வழக்கு என்றால், அவுமாதாவிடம் போய் நிற்கலாம் என்ற எண்ணமாவது கிராமத்தானுக்கு இருந்தது. நீதி கிடைத்ததா என்பது அடுத்த கேள்வி.

1903-இல் டியாஸ் இந்த விதியைத் தானே மீறினார். பழைய பகையை மறந்து லூயிஸ் டெராசாஸை மறுபடி ஆளுநராக ஏற்றுக்கொண்டார். டெராசாஸுக்கு வயதாகிவிட்டது. 1904-இல் நாற்காலி மருமகனுக்கு வந்தது. நிலம், வங்கி, ஆட்சி மூன்றும் ஒரே குடும்பத்தில். டியாஸ் செய்த தவறுகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

கிரீல் சோம்பேறி ஆளுநர் அல்ல. சொல்லப்போனால் அதுதான் சிக்கல். பள்ளிகள் கட்டினார், நிர்வாகத்தைச் சீரமைத்தார், 1906-இல் தராஹுமாரா பழங்குடியினரின் ‘முன்னேற்றத்துக்கு’ ஒரு சட்டம் போட்டார். செப்புப் பள்ளத்தாக்கு பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகள் இன்று ரயிலிலிருந்து இறங்கும் கிரீல் ஊர் அந்தத் திட்டத்தில் உருவானதுதான், பெயரும் அவருடையது. நிர்வாகம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று, ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதில் ஆளுநர் நியமிக்கும் அதிகாரிகளைக் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு ஊர்க்காரரிடம் பயமோ கூச்சமோ இருக்கக் காரணமில்லை.

பிறகு 1905 பிப்ரவரியில் ஊராட்சி நிலச் சட்டம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சிவாவாவின் பழைய ஊர்களில் பல படைக் குடியிருப்புகள். 1778-இல் ஸ்பானிய ஆட்சி நமிக்கிபா, ஹானோஸ், காசாஸ் கிராந்தெஸ் போன்ற இடங்களில் குடியேறியவர்களுக்கு ஏராளமான நிலம் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் அப்பாச்சிப் பழங்குடியினரோடு சண்டையிட வேண்டும். நூறாண்டுக்கு மேல் சண்டையிட்டார்கள். மகன் துப்பாக்கி பிடிக்கும் வயதில் தந்தை செத்த வீடுகள் அநேகம். 1880-இல் அப்பாச்சித் தலைவர் விக்தோரியோ கொல்லப்பட்டு, 1886-இல் ஜெரோனிமோ சரணடைந்ததும் அந்தப் போர் முடிந்தது. அப்புறம் ரயில் வந்தது. யாரும் சீந்தாத நிலத்துக்கு விலை வந்தது.

கிரீலின் சட்டம் ஊர்ப் பொது நிலத்தை அளந்து, விண்ணப்பிப்பவருக்கு விற்க வழி செய்தது. கணக்குப் பார்வையில் இது நல்ல யோசனை. பத்திரம் இல்லாத நிலத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. பத்திரம் கொடு, முதலீடு வரும், மகசூல் கூடும், வரி வரும். ஆனால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் யார்? ஆளுநர் நியமித்த அதிகாரி. வாங்கக் கையில் காசு யாரிடம் இருக்கும்? கடை வைத்திருக்கும் புதியவர்கள், அதிகாரியின் உறவினர்கள், பண்ணைகள். அப்பாச்சிகளோடு போரிட்டுப் பெற்ற நிலத்தை, நேற்று வந்தவன் ஆளுநரின் முத்திரையோடு வேலி போடுவதை நமிக்கிபாக்காரர்கள் பார்த்தார்கள். ஹானோஸ் ஊரின் சார்பில் போர்ஃபிரியோ தலமாந்தெஸ் என்பவர் அதிபருக்கே மனு எழுதினார். மெக்சிகோ நகரம் அத்தகைய மனுக்களை வழக்கப்படி மாநிலத்துக்கே திருப்பி அனுப்பும். மாநிலம் என்றால் கிரீல். தலமாந்தெஸ் பிற்பாடு வில்லாவின் படையில் கர்னல் ஆனார். நமிக்கிபா வில்லாவுக்கு ஆள் கொடுத்த ஊர்களில் முன்வரிசையில் நின்றது.

நிலம் பறிபோனது சிவாவாவில் மட்டுமல்ல. மொரெலோஸ் மாநிலத்தில் கரும்புத் தோட்டங்கள் இதைவிடக் கொடுமையாக விழுங்கின, அங்கேதான் விவசாயிகளின் தலைவர் சப்பாத்தா எழுந்தார். ஆனால் சிவாவாவில் நிலம் போன விவசாயி, கடன் மறுக்கப்பட்ட வியாபாரி, வேலை போன சுரங்கத் தொழிலாளி, தேர்தல் பறிபோன ஊர்ப் பெரியவர், சிறைக்குப் போன பத்திரிகையாளர் எல்லோரும் ஒரே குடும்பத்தைக் கைகாட்டினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வர்க்கங்களைக் கூட்டணி சேர்ப்பது எந்தப் புரட்சிக்காரனுக்கும் பெரும்பாடு. இங்கே அந்த வேலையைக் கிரீலே முடித்து வைத்திருந்தார்.

நடுவில் அவர் தூதரும் ஆனார். 1907-இல் வாஷிங்டனில் மெக்சிகோவின் தூதர், அதே சமயம் சிவாவாவிலும் பதவியை விடவில்லை. இடைக்கால ஆளுநர் ஒருவர் நாற்காலியைச் சூடாக வைத்திருந்தார். அந்த ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் நடந்த மத்திய அமெரிக்க சமாதான மாநாட்டில் மெக்சிகோ சார்பில் பங்கெடுத்தார். கோஸ்தா ரிக்காவின் கார்த்தாகோவில் மத்திய அமெரிக்க நீதிமன்றம் அமைந்தது அந்த மாநாட்டின் பலன். 1909 டிசம்பரில் நிகராகுவாவின் அதிபர் செலாயா பதவி இழந்தபோது, சிறப்புத் தூதராக மறுபடி வாஷிங்டன் போனார். அமெரிக்கா வெறுத்த செலாயாவை மெக்சிகோ தன் போர்க்கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது, அமெரிக்காவும் சகித்துக்கொண்டது. சின்ன நாடு பெரிய நாட்டோடு உரசாமல் தன் வழியில் நடந்த அபூர்வமான தருணம் அது. ராஜதந்திரி கிரீலைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1909 அக்டோபர் 16 அன்று, அமெரிக்க அதிபர் டாஃப்டும் டியாஸும் எல்லையின் இரு பக்கமும் உள்ள எல் பாசோவிலும் ஹுவாரெஸிலும் சந்தித்தார்கள். இரு நாட்டு அதிபர்கள் நேரில் சந்தித்தது அதுவே முதல் முறை. தனி அறையில் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தவர் கிரீல்.

இன்னொரு வேலையும் தூதரகத்து மேசையில் இருந்தது. ரிக்கார்தோ ஃப்ளோரெஸ் மகோன் தலைமையில் மெக்சிகோ லிபரல் கட்சியினர் அமெரிக்காவில் இருந்துகொண்டு பத்திரிகை நடத்தி, கிளர்ச்சிக்கு ஆள் திரட்டினார்கள். 1906 அக்டோபரில் ஹுவாரெஸைப் பிடிக்கப் போட்ட திட்டம் உளவாளிகளால் முளையிலேயே கிள்ளப்பட்டது. கிரீல் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஃபர்லாங் என்பவரின் தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். கடிதங்கள் வழியிலேயே பிரித்துப் படிக்கப்பட்டன. 1907 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் மகோனும் தோழர்களும் பிடிபட்டார்கள். அவர்கள் வெளியே வந்தது 1910 ஆகஸ்டில். இதை முழு வெற்றி என்றே கிரீல் எண்ணியிருக்கக்கூடும். எல்லைக்கு அப்பால் ஒளிந்திருந்த தீவிரவாதிகளைத் துருவித் துருவித் தேடிய கண், நமிக்கிபாவிலிருந்து முத்திரைத் தாளில் முறையாக வந்த மனுவைக் கவனிக்கவில்லை.

1907 அக்டோபரில் நியூயார்க்கில் நிதிப் பீதி. செம்பு, வெள்ளி விலை விழுந்தது. சிவாவாவில் சுரங்கங்கள் மூடின. அமெரிக்காவில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் ரயில் ரயிலாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், முதலில் வந்து இறங்கியது எல்லை மாநிலத்தில்தான். மழையும் பொய்த்தது. வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன, புதுக் கடனை நிறுத்தின. குடும்ப நிறுவனங்கள் தாங்கிக்கொண்டன. மற்றவர்கள் விழுந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பாங்கோ மினேரோவில் கொள்ளை. 1908 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 3 லட்சம் பேசோ காணாமல் போனது. பிடிபட்ட எளிய மனிதர்கள் மாதக்கணக்கில் சிறையில் வதைக்கப்பட்டார்கள், ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. வங்கியை நடத்தியவர் கிரீலின் தம்பி ஹுவான். ‘எல் கொர்ரேயோ’ நாளிதழ் ஆசிரியர் சில்வெஸ்த்ரே டெராசாஸ், பெரிய குடும்பத்துக்குத் தூரத்து உறவு, இந்த வழக்கை விடாமல் எழுதினார். திருட்டு உள்ளேயிருந்தே நடந்தது என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் விசாரிக்கும் போலீஸும் நீதிபதியும் வங்கி முதலாளியின் அண்ணனால் நியமிக்கப்பட்டவர்கள் எனும்போது, உண்மையிலேயே குற்றமற்றவராக இருந்தாலும் ஹுவானை யார் நம்புவார்கள்? அதிகாரம் அளவுக்கு மீறிக் குவிந்த இடத்தில் விடுதலைத் தீர்ப்புக்கும் மதிப்பில்லை. சில்வெஸ்த்ரே பலமுறை சிறைக்குப் போனார். வில்லாவின் ஆட்சியில் மாநிலச் செயலராகத் திரும்பி வந்தார்.

கிரீல் பிறப்பால் மெக்சிகன்தானா என்ற சர்ச்சையும் அந்த ஆண்டுகளில் ஓடியது. 1857 அரசியல் சாசனம் மெக்சிகோப் பெற்றோருக்குப் பிறந்தவரையே மெக்சிகன் என்றது. அவர் தந்தையோ அமெரிக்கர். சட்ட வாதமாக இது பலவீனமானது, ஏனென்றால் வயது வந்ததும் அவர் மெக்சிகோ குடியுரிமையையே ஏற்றவர். எதிரிகளுக்கு அது வசதியான கல், அவ்வளவே. என் மதிப்பீட்டில் இந்த ஒரு குற்றச்சாட்டு அவருக்கு அநியாயம்.

1910 வசந்தத்தில் வெளியுறவு அமைச்சர் மாரிஸ்கால் இறந்தார். அந்த இடத்துக்குக் கிரீல் வந்தார். செப்டம்பரில் சுதந்திர நூற்றாண்டு விழா. ஸ்பெயின், சுதந்திரப் போர்த் தலைவர் மொரெலோஸின் சீருடையைத் திருப்பிக் கொடுத்தது. உலகத் தூதர்களை வரவேற்று விருந்தளித்தவர் கிரீல். இரண்டே மாதத்தில் சிவாவாவிலிருந்து தந்திகள் வரத் தொடங்கின. டிசம்பரில் குடும்பம் ஒரு மகனை, ஆல்பெர்த்தோ டெராசாஸை, இடைக்கால ஆளுநராக்கியது. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. ஜனவரி இறுதியில் டியாஸ் பழைய அவுமாதாவை மறுபடி அனுப்பினார். எட்டாண்டு முன்பு எடுத்த முடிவைத் திருத்தும் முயற்சிதான், நேரம்தான் இல்லை. 1911 மார்ச்சில் அமைச்சரவை மாற்றத்தில் கிரீல் போனார். மே 10 அன்று ஹுவாரெஸ் வீழ்ந்தது. 25 அன்று டியாஸ் ராஜினாமா செய்தார்.

மறு ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. அதிபராகியிருந்த மதேரோமீது மனக்கசப்புக் கொண்டு ஒரோஸ்கோ 1912-இல் கிளர்ந்தபோது, அவருக்குப் பணம் போன வழிகளில் ஒன்று டெராசாஸ்–கிரீல் வட்டாரம். இந்தக் குடும்பத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்த அதே மனிதர். வங்கியாளருக்கு நேற்றைய எதிரி நிரந்தர எதிரி அல்ல, வட்டி கட்டினால் போதும்.

வில்லாவிடம் அந்தக் கணக்கு செல்லவில்லை. 1913 டிசம்பரில் சிவாவாவைப் பிடித்து ஆளுநரானதும், அவர் போட்ட முதல் ஆணைகளில் ஒன்று டெராசாஸ், கிரீல் உள்ளிட்ட குடும்பங்களின் சொத்துப் பறிமுதல். வருமானம் போரில் இறந்தவர்களின் மனைவி மக்களுக்கும், நிலம் இழந்தவர்களுக்கும் என்று அறிவித்தார். கிரீலின் மைத்துனர் இளைய லூயிஸ் டெராசாஸ் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். வில்லா ஆட்கள் அவரை அங்கிருந்தே இழுத்துப்போய் மிரட்டி விசாரித்தார்கள். பாங்கோ மினேரோ கட்டடத்தின் ஒரு தூணுக்குள் தங்கம் இருப்பதாகச் சொன்னார். தூணைத் துளைத்தார்கள். சுமார் 6 லட்சம் பேசோ தங்கக் காசுகள் கொட்டின. அடுத்து வில்லா தனியாக ஒரு மாநில வங்கி தொடங்கித் தானே நோட்டு அடித்தார். பறித்த நிலங்கள் அதற்கு ஈடு. நிலத்தைக் காட்டி நோட்டு அடிக்கும் வித்தையில் கிரீலுக்கு இதைவிட நேரடியான வாரிசு கிடையாது.

கிரீல் அமெரிக்காவில் தஞ்சமடைந்து லாஸ் ஏஞ்சலஸில் சில காலம் வாழ்ந்தார். 1915-இல், மதேரோவைக் கவிழ்த்தவரும் பிறகு நாடு கடந்திருந்தவருமான சர்வாதிகாரி உவெர்த்தாவை மீண்டும் கொண்டுவரும் சதியிலும் அவர் பெயர் அடிபட்டது. அந்த ஜூனில் நியூ மெக்சிகோவில் உவெர்த்தாவும் ஒரோஸ்கோவும் ஒன்றாகப் பிடிபட்டதோடு அது முடிந்தது. புயல் ஓய்ந்ததும் நாடு திரும்பினார். அதிபர் ஒப்ரெகோன் அரசுக்கு நிதி விவகாரங்களில் ஆலோசனை சொல்லும் அளவுக்கு மதிப்பு மிஞ்சியிருந்தது. டெராசாஸ் நிலங்களை ஓர் அமெரிக்கர் மொத்தமாக வாங்க வந்தபோது ஊர் கொந்தளித்தது. கடைசியில் 1922-இல் அரசே தலையிட்டு, சுமார் 1.3 கோடி பேசோ இழப்பீட்டுக்கு அவற்றை எடுத்துக்கொண்டது. முதிய லூயிஸ் டெராசாஸ் 1923-இல் காலமானார். கிரீல் 1931-இல் மெக்சிகோ நகரில் இறந்தார்.

குடும்பம் அரசியலை விடவில்லை. அவருடைய கொள்ளுப்பேரன் சாந்தியாகோ கிரீல் 2000-இல் அதிபர் பிசென்தே ஃபாக்ஸின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். 2005-இல் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்று ஃபெலிபே கால்தெரோனிடம் தோற்றார். அது உட்கட்சித் தேர்தல். முடிவை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.